குசினிக்குப் புது பிளக்கும் எக்ஸோஸ்ட் ஃபேனும்: கறண்டை எங்கிருந்து எடுப்பது?

குசினியில் எக்ஸோஸ்ட் ஃபேன் போட நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை அங்குல ஃபேன் வாங்கலாம்?" என்றுதான். கொழும்பில் வீட்டு வயரிங் வேலை செய்கிறவன் நான். அதற்குப் பதில் சொல்ல முன் எனக்குத் தெரிய வேண்டியது வேறு: கறண்டை எந்த லைனிலிருந்து எடுக்கப் போகிறோம்?

ஏனென்றால் ஃபேன் கேட்கிறவர்கள் அநேகமாக, "அப்படியே பக்கத்தில் ஒரு பிளக்கும் போட்டு விடுங்கள்" என்பார்கள். ஃபேன் சின்னச் சாமான். 35 வாட் என்று வைத்துக்கொண்டாலும் நம்முடைய 230 வோல்ட்டில் 0.15 ஆம்பியர்தான் இழுக்கும். பிளக் அப்படியில்லை. இன்றைக்கு மிக்ஸிக்கு மட்டும் என்பார்கள். கொஞ்ச நாளில் அதில் கேத்தில் இருக்கும், ரைஸ் குக்கர் இருக்கும், அவசரத்துக்கு மைக்ரோவேவும் வந்து சேரும். 2000 வாட் கேத்தில் மட்டும் 8.7 ஆம்பியர். ஆகவே நீங்கள் சுவரில் போடுவது ஃபேன் என்றாலும், வயருக்குக் கொடுக்கிற சுமை பிளக்குடையது.

இங்கேதான் பெரிய தப்பு நடக்கிறது. குசினி பல்ப் சுவிட்ச் பக்கத்திலேயே இருக்கும். அதன் பெட்டியிலிருந்து இரண்டு வயர் இழுத்தால் அரை மணி நேரத்தில் பிளக் வேலை செய்யும். ஆனால் லைட் லைன் வழக்கமாக 1/1.13 வயர், அதாவது 1 சதுர மில்லிமீற்றர். பிளக்குக்குப் போகிற 7/0.67 வயர் 2.5 சதுர மில்லிமீற்றர். லைட் லைனில் கேத்தில் போட்டால் நல்ல காலத்துக்கு 6 ஆம்பியர் பிரேக்கர் விழும். பிரேக்கர் அடிக்கடி விழுகிறதே என்று யாராவது அதைக் கழற்றிவிட்டு 20 ஆம்பியர் போட்டால் அன்றிலிருந்து வயர்தான் பியூஸ். சுவருக்குள் சூடாகி, உறை பிசுபிசுத்து, கருகும் வரை வெளியே ஒன்றும் தெரியாது. ஃபேனை மட்டும் லைட் லைனிலிருந்து எடுப்பதில் தப்பில்லை. பிளக்கை எடுக்கவே கூடாது.

சரி, எங்கிருந்து எடுப்பது? என் விருப்பம் எப்போதும் பிரேக்கர்கள் எல்லாம் இருக்கிற டிபி பெட்டியிலிருந்து குசினிக்கென்று தனி லைன்தான். 20 ஆம்பியர் பிரேக்கர், 7/0.67 வயர், வழியில் வேறு எதுவும் இல்லை. முதலில் பிளக், அங்கிருந்து ஃபேனுக்கு 3 ஆம்பியர் பியூஸ் உள்ள சுவிட்ச் யூனிட். பியூஸ் ஸ்பர் என்று கேட்டால் கடையில் தருவார்கள். டிபியில் ஒரு வெற்று இடம் இருந்தால் காசு கொஞ்சம் கூடினாலும் இதையே செய்யுங்கள்.

இடமில்லை, தூரம் அதிகம், தளத்துக்கு ஓடு போட்டாயிற்று என்றால் ஏற்கெனவே உள்ள பிளக்கிலிருந்து கிளை எடுக்கலாம். முதலில் கறண்டை நிறுத்தி, அந்த பிளக்கின் முகத்தைக் கழற்றி, லைவ் முனையில் எத்தனை வயர் என்று பாருங்கள். ஒன்றே ஒன்று என்றால் அது லைனின் கடைசி, அல்லது யாரோ முன்பே எடுத்த கிளை. மூன்று இருந்தால் ஏற்கெனவே ஒரு கிளை போகிறது, அதில் இன்னொன்று ஏற்றாதீர்கள். இரண்டு என்றால் ரிங் சுற்றாக, அதாவது டிபியில் தொடங்கி பிளக்குகளைச் சுற்றி டிபிக்கே திரும்பி வருகிற லைனாக இருக்கலாம், நேர் லைனின் நடுப்பகுதியாகவும் இருக்கலாம். எது என்று டிபியில் வைத்து அளந்துதான் சொல்ல முடியும், கண்ணால் சொல்ல முடியாது. ரிங் என்று உறுதியானால் முதலில் 13 ஆம்பியர் பியூஸ் யூனிட் ஒன்று வைத்து, அதற்குப் பிறகு பிளக்கும் ஃபேனின் 3 ஆம்பியர் யூனிட்டும் வரட்டும். அப்போது என்ன செருகினாலும் அந்தக் கிளையில் 3000 வாட்டைவிட மிகக் கூடுதலாக நீண்ட நேரம் போகாது.

டிபி பெட்டிக்குள் செய்கிற வேலையைப் பயிற்சி பெற்ற, என்.வி.கியூ என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் உள்ள ஒருவரிடம் விடுங்கள். மெயின் சுவிட்சை இறக்கினாலும் அதற்கு மீற்றரிலிருந்து வரும் முனைகளில் கறண்ட் இருந்துகொண்டே இருக்கும். சுவர் வெட்டுவது, வயர் போகிற பைப் புதைப்பது, பெட்டி வைப்பது, ஃபேனுக்கு ஓட்டை எடுப்பது, இதெல்லாம் கைப்பழக்கம் உள்ள வீட்டுக்காரர் தாராளமாகச் செய்யலாம். வயர் இணைப்பை நீங்களே செய்தாலும் லைன் ஏற்ற முன் அவரைக் கொண்டு அளந்து பாருங்கள்.

இனி எர்த். இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள், மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

நம்முடைய வீடுகளுக்கு எர்த், தெருவிலுள்ள மின்கம்பத்திலிருந்து வருவதில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் மண்ணில் அடித்த அதன் சொந்த எர்த் கம்பிதான். அந்தக் கம்பிக்கும் மண்ணுக்கும் இடையே 20 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லைவ் வயர் ஒன்று ஃபேனின் உலோக உடம்பில் பட்டால் மண்ணுக்குப் போவது 230-ஐ 20-ஆல் வகுத்தால் வருகிற 11.5 ஆம்பியர்தான். 20 ஆம்பியர் பிரேக்கருக்கு அது ஒன்றுமே இல்லை, விழாது. ஃபேனின் உடம்பு லைவ் ஆகவே நிற்கும். அந்த நேரத்தில் ஆளைக் காப்பாற்றுவது, கறண்ட் மண்ணுக்குக் கசிந்தால் விழுகிற ட்ரிப் சுவிட்ச் மட்டும்தான். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது விழ வேண்டும். ஆகவே ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் புது பிளக் போடுவதற்கு முன் ட்ரிப் சுவிட்ச் போடுங்கள். ஃபேன் அடுத்த மாதம் வரட்டும்.

கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய வீட்டுக்கு இந்த வேலைக்குத்தான் போனேன். வீட்டுக்கார அக்கா, "தம்பி, எங்கள் வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கு, பயமில்லை" என்றார். இருந்தது. சோதனைப் பொத்தானை அழுத்தினேன், சுவிட்ச் விழுந்தது, ஆனால் குசினி பல்ப் அணையவில்லை. டிபியைத் திறந்து பார்த்தால், மெயின் சுவிட்சிலிருந்து ஒரு சிவப்பு வயரும் ஒரு கறுப்பு வயரும் ட்ரிப் சுவிட்சின் தலைக்கு மேலால் வளைந்து நேராகக் குசினி பிரேக்கருக்குப் போயிருந்தன. மழைக்காலத்தில் அடிக்கடி விழுகிறது என்று முன்பு வந்த யாரோ செய்து கொடுத்த வைத்தியம். பின் வளவில் எர்த் கம்பியைத் தேடினோம். மதிலோரம் பச்சை வயர் சீமெந்துக்குள் போய் மறைந்தது. தளம் போட்டபோது அறுத்துவிட்டு மேலே பூசியிருந்தார்கள். பிளாஸ்டர் விளிம்பில் செம்பு பச்சை பிடித்து நாலு இழை வெளியே நின்றது. அந்த வீட்டில் சுவரோடு ஒட்டி நின்று அரிசி கழுவுகிற ஒரு பெண் பிள்ளை இருந்தாள். எனக்கு உண்மையிலேயே கை நடுங்கியது. அன்றைக்கு ஃபேன் வேலையைத் தொடவில்லை. புதுக் கம்பி அடித்து, குறுக்கு வழியாகப் போன வயர்களைக் கழற்றி, மழைக்கு விழுந்ததன் காரணத்தையும் கண்டுபிடித்தோம்: வெளி பல்ப் ஒன்றின் பெட்டிக்குள் தண்ணீர்.

ஒன்றைக் கவனியுங்கள். சோதனைப் பொத்தான் விழுகிறது என்றால் ட்ரிப் சுவிட்ச் நல்லது என்று மட்டுமே அர்த்தம். எர்த் வயர் அறுந்திருந்தாலும் பொத்தான் வேலை செய்யும். எர்த்துக்கு தனி மீற்றர் இருக்கிறது, வருகிறவரிடம் அதைக் கொண்டு வரச் சொல்லுங்கள்.

சாமான் வாங்கப் புறக்கோட்டைக்குப் போனால் முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் மின்சாமான், பழைய சோனகத் தெருவில் ஹாட்வெயார். வயரில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். கெலானி, ஏ.சி.எல் போன்ற தெரிந்த பெயராகவும் உறையில் அளவும் எஸ்.எல்.எஸ் என்ற இலங்கைத் தர முத்திரையும் அச்சிட்டதாகவும் பாருங்கள். ஒரே அளவு போட்ட இரண்டு சுருளைக் கையில் தூக்கிப் பார்த்தாலே செம்பு குறைந்தது தெரிந்துவிடும். பிளக், சதுர முனை 13 ஆம்பியர், சுவிட்ச் உள்ளது. நாட்டின் தரம் இப்போது அதுதான், பழைய உருண்டை முனை பிளக்கை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்க வேண்டாம். புதைக்கிற பெட்டி ஆழமானதாக, 35 மில்லிமீற்றர் வாங்குங்கள். ஆழம் குறைந்த பெட்டியில் 7/0.67 வயரை மடக்கித் திணித்தால் முகத்தை இறுக்கும்போது வயர் நசுங்கும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைக் கடலோர வீடு என்றால் முகத்தட்டுக்குப் பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் திருகாணி கேட்டு வாங்குங்கள். சாதாரணத் திருகாணி உப்புக்காற்றில் துருப்பிடித்துவிட்டால் பிறகு பெட்டியையே உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

ஃபேனின் அளவுக்கு ஒரு சின்னக் கணக்கு. குசினி 10 அடிக்கு 8 அடி, உயரம் 9 அடி என்றால் 720 கன அடி, ஏறக்குறைய 20 கன மீற்றர். தேங்காயெண்ணெயில் பொரியலும் கருவாடும் நடக்கிற நம் குசினியில் மணிக்கு 15 தடவையாவது காற்று மாற வேண்டும். அப்படியானால் மணிக்கு 300 கன மீற்றர். ஃபேன் பெட்டியில் இந்த எண் போட்டிருக்கும். நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்று இருந்தால் 1.7-ஆல் பெருக்குங்கள். எண் போடாத பெட்டியை வாங்காதீர்கள்.

எந்தச் சுவரில் போடுவது என்பதுதான் கொழும்பில் யோசிக்க வேண்டிய விஷயம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து நேராக அடிக்கும். மேற்குச் சுவரில் ஃபேன் போட்டால் அந்தக் காலத்தில் அது காற்றோடு மல்லுக்கட்டும், புகை திரும்ப உள்ளே வரும், மழையும் மோட்டாருக்குள் அடிக்கும். வேறு சுவர் இருந்தால் அதை எடுங்கள். மேற்கைத் தவிர வழியில்லை என்றால் வெளியே தானாக மூடுகிற தகடும் அதற்கு மேல் குடை மாதிரி மூடியும் கட்டாயம் வேண்டும். அடுத்தது, கதவுக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். கதவடியில் இருந்து வருகிற காற்று அடுப்பைத் தாண்டிப் போய் வெளியேற வேண்டும். ஜன்னலுக்குப் பக்கத்தில் ஃபேன் இருந்தால் அது ஜன்னல் காற்றையே இழுத்து வெளியே விடும், புகை அடுப்படியிலேயே நிற்கும். அடுப்புக்கு நேர் மேலே சூடு அதிகம், பக்கவாட்டாகத் தள்ளி, மேல் தளத்துக்குக் கொஞ்சம் கீழே வையுங்கள். வெளியே பக்கத்து வீட்டு ஜன்னல் எங்கே என்று எட்டிப் பாருங்கள். ஃபிளாட் என்றால் வெளிச்சுவர் உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை, முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகுதான் உளியை எடுக்க வேண்டும்.

பிளக்கைத் தண்ணீர் சிங்க்கின் விளிம்பிலிருந்து குறைந்தது ஒரு அடி தள்ளி, மேசைத்தட்டுக்கு ஆறு அங்குலம் மேலே போடுங்கள். வயர் அடுப்புக்கு மேலால் தொங்குகிற இடம் வேண்டாம்.

சுவர் வெட்டும்போது பைப் நேராக மேலே அல்லது நேராகப் பக்கவாட்டில் மட்டும் போகட்டும். குறுக்காக வெட்டினால் வயர் மிச்சம்தான், ஆனால் இன்னும் ஐந்து வருடத்தில் அந்தச் சுவரில் சாமிப் படத்துக்கு ஆணி அடிக்கப் போகிறவருக்கு அது தெரியாது. மேலிருந்து கீழாக வெட்டுகிற கால்வாய் சுவரின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, பக்கவாட்டில் ஆறில் ஒரு பங்கு. பழைய கொழும்பு வீடுகள் பல கபுக் என்ற செம்புரைக் கல்லில் கட்டியவை. கபுக்கில் சுத்தியலால் ஓங்கி அடித்தால் ஒரு கைப்பிடி கேட்ட இடத்தில் ஒரு கூடை கொட்டும். கட்டரால் இரண்டு கோடு அறுத்து, நடுவை மெல்ல உளியால் எடுங்கள். பெட்டியைச் சுற்றிச் சாந்து நன்றாகப் பிடித்து ஒரு நாள் காய்ந்த பிறகு வயர் இழுங்கள். வாடகை வீடு என்றால் சுவரை வெட்டாமல் பிளாஸ்டிக் கேசிங்கில் கொண்டு போங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஃபேன் ஓட்டையை வெளிப்பக்கம் சற்றுச் சரிவாக எடுங்கள், மழைத்தண்ணீர் உள்ளே வராது. பெரிய ஓட்டை என்பதால் ஒரு மேசன் பாஸைக் கூப்பிடுவது நல்லது, தூணோ லின்டலோ இருக்கும் இடத்தில் கை வைக்க வேண்டாம்.

வயர் இணைக்க முன் கறண்ட் இல்லை என்று நிரூபியுங்கள். நிறுத்திவிட்டேன் என்ற நினைப்புப் போதாது. டெஸ்டர் ஸ்குரூ டிரைவரை மட்டும் நம்ப வேண்டாம். மல்டிமீற்றரை எடுத்து முதலில் கறண்ட் இருக்கிற ஒரு பிளக்கில் வைத்து 230 காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு வேலை செய்கிற இடத்தில் லைவுக்கும் நியூட்ரலுக்கும், லைவுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் வைத்துப் பாருங்கள். திரும்பவும் கறண்ட் உள்ள பிளக்குக்குப் போய் மீற்றர் இன்னும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். 2022-இல் பதின்மூன்று மணி நேரம் கறண்ட் வெட்டிய காலத்துக்குப் பிறகு கொழும்பில் நிறைய வீடுகளில் பேட்டரி இன்வேர்ட்டர் இருக்கிறது. மெயினை இறக்கிய அடுத்த நொடி அது எழும்பிவிடும். முதலில் அதை நிறுத்துங்கள்.

பழைய வீட்டில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். இப்போது வருகிற வயரில் மண்ணிறம் லைவ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் எர்த். பழையதும் புதியதும் சேருகிற பெட்டியில் சிவப்போடு மண்ணிறம், கறுப்போடு நீலம். நிறத்தை மட்டும் நம்பி இணைக்காமல் மீற்றரால் உறுதி செய்யுங்கள், யாராவது முன்பே மாற்றிக் கொடுத்திருக்கலாம். உறையை முனைக்குப் போதுமான அளவு மட்டும் உரித்து, இழைகளை முறுக்கி, முனைக்குள் முழுதாக விட்டு இறுக்குங்கள். பிறகு ஒவ்வொரு வயரையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். வெளியே செம்பு தெரியக் கூடாது. உலோகப் பெட்டி என்றால் பெட்டிக்கும் ஒரு துண்டு எர்த் வயர். முறுக்கி டேப் சுற்றிய இணைப்புச் சுவருக்குள் வேண்டவே வேண்டாம், திருப்பித் திறந்து பார்க்கக் கூடிய பெட்டியில் கொனெக்டர் போடுங்கள்.

ஃபேனின் சுவிட்ச் லைவையும் நியூட்ரலையும் சேர்த்து வெட்டுகிற வகையாக இருப்பது நல்லது. ஒன்றை மட்டும் வெட்டுகிற சுவிட்ச் என்றால் அது லைவில்தான் இருக்க வேண்டும். நியூட்ரலில் போட்டாலும் ஃபேன் நிற்கும், ஆனால் மோட்டாருக்குள் லைவ் இருக்கும். எக்ஸோஸ்ட் ஃபேன் எண்ணெய்ப் பிசுக்குப் பிடிக்கிற சாமான். யாரோ ஒருவர் ஈரத்துணியோடு ஸ்டூலில் ஏறத்தான் போகிறார்.

இணைத்து முடிந்ததும் உடனே லைன் ஏற்றாதீர்கள். எர்த் வயர் டிபி வரை தொடர்ச்சியாக இருக்கிறதா என்று அளக்க வேண்டும். ஃபேனைக் கழற்றி வைத்துவிட்டு, மெகர் என்ற தடை அளக்கிற கருவியை வைத்து 500 வோல்ட்டில் வயர்களுக்கு இடையே தடை குறைந்தது 1 மெகா ஓம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். புது வயரில் அது பல மடங்கு கூடுதலாக வரும். 1-க்குக் கிட்ட நின்றால் எங்கோ நசுங்கியிருக்கிறது, திறந்து பாருங்கள். பிறகு லைன் ஏற்றி, பிளக்கில் லைவ் வலது பக்கம் வருகிறதா என்று பார்த்து, ட்ரிப் சுவிட்சின் பொத்தானை அழுத்தி, புது பிளக் உண்மையிலேயே சாகிறதா என்றும் பாருங்கள். அந்தக் கொட்டாஞ்சேனை வீட்டை நினைத்துத்தான் சொல்கிறேன்.

ஃபேன் வந்த பிறகு வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வைக்க வேண்டியது ஒன்று: காஸ் மணந்தால் ஃபேனைப் போடக் கூடாது. 2021 கடைசியில் நாடெங்கும் காஸ் விபத்துகள் நடந்தபோது எல்லாரும் பயந்திருந்தோம், இப்போது மறந்துவிட்டோம். நாம் சமைக்கிற காஸ் காற்றைவிடப் பாரமானது, தரையில் தங்கும். சுவிட்ச் போடும்போது உள்ளே வருகிற சின்னப் பொறியே போதும். சுவிட்ச் எதையும் தொடாமல் சிலிண்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள்.

முதல் கிழமையில் கேத்தில் கொதித்து முடிந்த உடனே பிளக்கின் முகத்தில் புறங்கையை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கையை எடுக்க வைக்கிற சூடு என்றால் உள்ளே ஒரு திருகாணி தளர்ந்திருக்கிறது. பூச்சுப் பூச முன் பைப் போன வழியை அளவு டேப் வைத்து ஒரு போட்டோ எடுத்து, பிரின்ட் போட்டு டிபி கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். புது பிரேக்கருக்குக் கீழே "குசினி பிளக், ஃபேன்" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வையுங்கள், அடுத்து வேலைக்கு வருகிறவர் எந்த மொழிக்காரர் என்று தெரியாதே.